அவங்களே சொல்லட்டும்: மனச்சிதைவு நோயும் நோயாளியின் சொந்த வார்த்தையும்



சர்க்கரை வியாதி என்றால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். பிரஷர் என்றால் கையில் பட்டை கட்டிப் பார்த்தால் போதும். டி.பி. என்றால் சளி டெஸ்ட், எக்ஸ்ரே. ஆனால் மனச்சிதைவு நோய்க்கு அப்படி எந்த டெஸ்டும் கிடையாது. ரத்தத்திலும் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. (வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ரத்தம், ஸ்கேன் எழுதிக் கொடுப்பது உண்டு. அது வேறு விஷயம்.) டாக்டர் கேட்பதும், எதிரில் இருப்பவர் சொல்வதும்தான் இங்கே டெஸ்ட். அதனால் டாக்டரிடம் யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது இந்த நோயில் பெரிய விஷயம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவதைத்தான் நாம் மனச்சிதைவு நோய் என்கிறோம். யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன்னைப் பற்றியே பேசுகிறார், சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று உறுதியாகத் தோன்றும். பேச்சு கோர்வையாக வராது. இன்னொரு பக்கம், குளிக்கத் தோன்றாது, வேலை செய்யத் தோன்றாது, யாரோடும் சேரப் பிடிக்காது. இதை வீட்டில் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள், ஆனால் இதுவும் நோய்தான். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதிலிருந்து முப்பதுக்குள் ஆரம்பிக்கும். பெண்களுக்குக் கொஞ்சம் தாமதமாகவும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 300 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. 3,000 பேர் உள்ள ஒரு ஊராட்சி என்றால் பத்துப் பேர் இருக்கலாம். அதாவது நம் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பில் ஏதோ ஒரு குழு உறுப்பினர் வீட்டில், அல்லது ஒரு உறுப்பினருக்கே இருக்கலாம். செய்வினையாலோ, முன்ஜென்மப் பாவத்தாலோ, தாய் வளர்த்த விதத்தாலோ வருவதில்லை.

இப்போது ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போவோம். அம்மா ஒருத்தி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை, அரைநாள் சம்பளம் போயிற்று. ஷேர் ஆட்டோ, ரயில், பஸ் என்று மாறி மாறி வந்து, இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் மகளைப் பார்த்து, “எப்படிம்மா இருக்கே?” என்று கேட்கிறார். மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிடுகிறாள்: “தூங்கவே மாட்டேங்குறா டாக்டர், தானா பேசுறா, என்னையே திட்டுறா, மாத்திரையைத் துப்பிடுறா...” மகள் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். மூன்று நிமிஷம். மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு மனசு வராது. அவள் சொன்னதெல்லாம் உண்மை. டாக்டருக்கு அதுவும் வேண்டும். ஆனால் அவள் சொன்னது வெளியே தெரிவது மட்டும். மகளின் காதில் என்ன கேட்கிறது, எதற்குப் பயந்து தூங்காமல் இருக்கிறாள், மாத்திரையை ஏன் துப்புகிறாள் என்பது அம்மாவுக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பேசவே இல்லை.

“நோயே இல்லைங்கிற பொண்ணுகிட்ட எதைக் கேட்குறது?” என்று இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டில் ஆக்ரா உட்பட 9 நாடுகளில் ஒரு ஆய்வு செய்து 1973-ல் வெளியிட்டது. அதில் மனச்சிதைவு உள்ளவர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்ட அறிகுறி எது தெரியுமா? குரல் கேட்பது இல்லை. தனக்கு நோய் இருக்கிறது என்பதை உணராமல் இருப்பதுதான். நூற்றுக்கு 97 பேரிடம் அது இருந்தது. கால் உடைந்தவருக்கு வலி சொல்லிக் கொடுக்கும். இங்கே எது உண்மை, எது இல்லை என்று பிரித்துச் சொல்லும் மனசுக்கே நோய் வந்திருக்கிறது. அப்புறம் எப்படி “எனக்கு நோய்” என்று சொல்வார்கள்?

ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். “எனக்கு நோய் இருக்கு” என்று ஒத்துக்கொள்வது ஒன்று. “எனக்கு இப்படியெல்லாம் நடக்குது” என்று சொல்வது இன்னொன்று. முதலாவதைச் சொல்லாதவர்கூட இரண்டாவதை நன்றாகச் சொல்வார். “எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா மாடி வீட்டுக்காரங்க ராத்திரி பூரா என்னைப் பத்திப் பேசுறாங்க, தூங்கவே விடல” என்கிறாள் ஒரு பெண். நோயை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டருக்கு வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்: குரல் கேட்கிறது, ராத்திரியில் கேட்கிறது, தூக்கம் போய்விட்டது. நாம் அவளிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். “உனக்கு வியாதி, ஒத்துக்கோ” என்று சண்டை பிடித்தால் இரண்டும் கிடைக்காமல் போகும்.

இதற்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அண்ணா நகர் மேற்கு விரிவாக்கத்தில் ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாடிக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம், அம்பத்தூரிலிருந்தும் தூரம் அதிகம் இல்லை. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஆரம்பித்தது இது. இங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் குரல் கேட்கும் 20 பேர், அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 20 பேர், ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் அக்ரா நகரில் 20 பேர், ஆக மொத்தம் 60 பேரிடம் “உங்களுக்குக் கேட்கும் குரலைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்” என்று உட்கார்ந்து கேட்டார்கள். அமெரிக்கப் பேராசிரியர் தான்யா லுஹ்ர்மனும், ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். பத்மாவதியும், மற்றவர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது.

என்ன தெரிந்தது? அமெரிக்காவில் பலர் தங்கள் நோயின் பெயரையே சொல்லிப் பேசினார்கள். அவர்கள் கேட்ட குரல்களில் அடிதடி, ரத்தம், யுத்தம் என்று கொடூரம் அதிகம். அக்ராவில் பலர் கடவுள் பேசுவதாகச் சொன்னார்கள். சென்னையில் 20 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அதைச் செய், இதைச் செய் என்று வேலை ஏவும் குரல். வீட்டுப் பெரியவர்கள் மாதிரியே வழியும் காட்டும், திட்டவும் திட்டும். நோயின் பெயரைச் சொன்னவர்கள் சென்னையில் மிகச் சிலர்தான். ஆனால் குரல் யாருடையது, என்ன சொல்கிறது, நல்லதா கெட்டதா என்று விவரமாகச் சொன்னார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், சொன்னார்கள், அவ்வளவுதான்.

நம்ம வீட்டுப் பெண் “செத்துப்போன பெரியம்மா வந்து பாத்திரம் தேய்க்கச் சொல்றாங்க” என்றால் நாம் என்ன செய்வோம்? சிலர் சிரிப்பார்கள். சிலர் பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். சாமி கும்பிடுவதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயிலுக்கும் போகலாம், டாக்டரையும் பார்க்கலாம். ஆனால் கட்டிப் போடுவதும், சங்கிலி போடுவதும், அடிப்பதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் கருகியவர்கள் உட்பட 28 பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு அவர்கள் போட்ட சத்தத்தைக்கூட வழக்கமான கூச்சல் என்றுதான் சுற்றியிருந்தவர்கள் எண்ணியிருப்பார்களோ என்று நினைத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது.

சரி, எப்படிக் கேட்பது?

அவர் கொஞ்சம் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டோ பூ கட்டிக்கொண்டோ கேட்கலாம். நேருக்கு நேர் முகத்தைப் பார்த்து விசாரணை மாதிரி கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். “ராத்திரி தூக்கம் எப்படி இருந்துச்சு?” என்று தூக்கத்தில் ஆரம்பிப்பது நல்லது. தூக்கம், சாப்பாடு பற்றிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. அப்புறம், “வேற யாராவது பேசுற மாதிரி கேட்குதா? யார் குரல்? என்ன சொல்லுது? எந்த நேரத்துல ஜாஸ்தி?” என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று இல்லை.

அவர் சொல்வதை “அதெல்லாம் பொய், யாரும் பேசல” என்று மறுக்கவும் வேண்டாம். “ஆமாமா, எனக்கும் கேட்குது” என்று ஒத்து ஊதவும் வேண்டாம். “எனக்குக் கேட்கல. ஆனா உனக்குக் கேட்குதுன்னு புரியுது. பயமா இருக்கா?” என்று சொன்னால் போதும். இதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. நிறைய அம்மாக்களுக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். மகள் சொல்வதைக் கேட்கக் கேட்க அழுகை வரும். வரட்டும், பரவாயில்லை. ஆனால் கேட்ட விஷயத்தை அடுத்த நாள் சண்டையில் எடுத்துக் குத்திக்காட்டினால் அவர் திரும்ப வாயைத் திறக்க மாட்டார்.

கேட்டதை எழுதி வைக்க ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அவரே எழுதுவது ரொம்ப நல்லது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர் இருக்கிறதே, அதில் அவர் கையாலேயே குறி போடலாம். நன்றாகத் தூங்கிய நாளுக்கு ஒரு டிக், தூங்காத நாளுக்கு ஒரு வட்டம், குரல் தொந்தரவு செய்த நாளுக்கு ஒரு புள்ளி. நம் குழுவில் கையெழுத்துப் போடத் தெரியாமல் வந்து, இன்றைக்குப் பாஸ்புக் சரிபார்க்கிற பெண்கள் எத்தனை பேர்! இதுவும் பழகிவிடும். மாதா மாதம் டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துப் போனால் மூன்று நிமிஷத்தில் முப்பது நாள் கதை டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது மாத்திரை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவர் சொல்வதைக் கேட்காவிட்டால் அதிக நஷ்டம் வருவது இங்கேதான்.

இந்த நோய்க்கான மாத்திரைகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. குரல் குறையும், பயம் தணியும், தூக்கம் வரும். ஆனால் சிலருக்குப் பக்க விளைவுகளும் உண்டு. அவற்றில் பாதி வெளியே தெரியாது. உதாரணமாக, சில மாத்திரைகளால் உள்ளுக்குள் ஒரு தவிப்பு வரும். “காலை ஒரு இடத்துல வைக்க முடியல, உட்கார்ந்தா எழுந்திருக்கணும் போல இருக்கு, துறுதுறுன்னு இருக்கு” என்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நோய் முற்றிவிட்ட மாதிரி தெரியும். “ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறா டாக்டர், அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டே இருக்கா” என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்ல, டாக்டர் நோய்தான் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டினால் தவிப்பும் கூடும். “நடக்கணும்னு எனக்கு ஆசை இல்ல, கால் தான் விடல” என்று அந்தப் பெண்ணே ஒரு வார்த்தை சொன்னால் டாக்டருக்கு உடனே விளங்கும். மாத்திரை அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார், அல்லது அதற்கு வேறு மருந்து சேர்ப்பார்.

பெண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடம் இருக்கிறது. ரிஸ்பெரிடோன் போன்ற சில மாத்திரைகளால் மாதவிலக்கு தள்ளிப் போகலாம், நின்றும் போகலாம். குழந்தை பெறாத பெண்ணுக்குக்கூட மார்பில் பால் கசியலாம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு, மூன்று மாதத்தில் நோய் திரும்பி வரும். வீட்டில் “திமிர் பிடிச்சு மாத்திரையை நிறுத்திட்டா” என்பார்கள். ஆண் டாக்டர், பக்கத்தில் அப்பாவோ மாமியாரோ நிற்கிறார்கள் என்றால் எந்தப் பெண்ணும் இதைப் பேச மாட்டாள். நர்சம்மாவிடம் சொல்லலாம். ஒரு துண்டுச் சீட்டில் “மூணு மாசமா தலைக்கு ஊத்தல” என்று எழுதி டாக்டர் மேஜையில் வைக்கலாம். கல்யாணம் ஆன பெண் என்றால் கர்ப்பமா என்று முதலில் டெஸ்ட் செய்ய வேண்டும், மாதவிலக்கு ஒழுங்காக இல்லாதபோதும் கர்ப்பம் தரிக்கலாம்.

கை நடுக்கம், எச்சில் ஒழுகுவது, உடம்பு விறைப்பு, ஓயாத தூக்கம், திடீரென்று எடை கூடுவது, அதிக தாகம், மலச்சிக்கல் இவற்றையும் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் சர்க்கரையைக் கூட்டும். குளோசபின் என்கிற மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டர் சொன்ன நாளில் ரத்த டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல், தொண்டை வலி வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். எந்தப் பக்க விளைவு வந்தாலும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சொன்னால் மாற்றிக் கொடுக்க இன்றைக்குப் பல மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்று. மாத்திரை சாப்பிட மறுக்கிறார்களே என்று பொடி செய்து சாம்பாரிலோ காபியிலோ கலந்து கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பயப்படுவதே இந்த நோயின் அடையாளம். அந்தப் பயத்தை நாமே உண்மையாக்கிவிடுகிறோம். அதோடு, மருந்து சாப்பிடுகிறோம் என்றே தெரியாத பெண் மருந்தால் வரும் தொந்தரவை எப்படிச் சொல்வாள்? கைநடுங்கினால், “எனக்கு யாரோ விஷம் வைக்கிறாங்க” என்பாள். மாத்திரை வேண்டாம் என்கிறவர்களுக்கு மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் வழி உண்டு. அதை அவரிடமும் டாக்டரிடமும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளலாம்.

நோய் திரும்ப வரப்போகிறது என்பது முதலில் யாருக்குத் தெரியும்? 1980-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், நோய் திரும்புவதற்கு முன்னால் ஏதோ மாற்றம் தெரிந்தது என்று குடும்பத்தாரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் சொன்னார்கள். நோயாளிகளிலும் பத்துக்கு ஏழு பேர் தங்களுக்கே தெரிந்தது என்றார்கள். மனசு படபடப்பு, சாப்பாடு இறங்காமை, கவனம் நிற்காமை, தூக்கம் கெடுதல் இவைதான் அவர்கள் சொன்ன அடையாளங்கள். பார்த்தீர்களா, குரல் கேட்பதற்கு முன்னாலேயே தூக்கமும் சாப்பாடும் மாறுகின்றன. இந்த அடையாளம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்கு நாலு நாள் தூக்கம் போகும். இன்னொருத்திக்கு டி.வி. சத்தம் பொறுக்காது. உடம்பு நன்றாக இருக்கும்போதே “போன தடவை முடியாமப் போறதுக்கு முன்னாடி உனக்கு முதல்ல என்ன மாறுச்சு?” என்று கேட்டு அவர் வார்த்தையிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அது திரும்ப வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அப்போதே போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனச்சிதைவு உள்ள பெண் எது சொன்னாலும் “அது நோய் பேசுது” என்று தள்ளுகிற பழக்கம் நம்மிடையே இருக்கிறது. “வீட்டுக்காரர் அடிக்கிறார்” என்றாலும் நோய், “வயித்த வலிக்குது” என்றாலும் நோய். இது பெரிய அநியாயம். நோய் உள்ள பெண்ணையும் புருஷன் அடிப்பான். சொல்லப்போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து தைரியமாக அடிப்பான். அப்படி ஒரு பெண் சொன்னால் குழுவில் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181. உடம்பு வலியும் அப்படித்தான். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகமாகச் சீக்கிரம் இறந்துபோகும் ஆபத்து உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் இதய நோய், சர்க்கரை, தொற்றுநோய் போன்ற உடம்பு நோய்கள்தான். நெஞ்சு வலி என்றால் யாருக்கானாலும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

குரல் “செத்துப்போ” என்கிறதா, “கிணத்துல குதி” என்கிறதா, “இவனை வெட்டு” என்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், அவசரம் என்றால் 108. மாத்திரை டப்பா, பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்து வையுங்கள்.

குடும்பத்தார் பேசவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. குளிக்காமல் இருப்பது, மூலையில் உட்கார்ந்திருப்பது இதெல்லாம் அவருக்கே தெரியாமல் போகலாம். அதை வீட்டில் உள்ளவர்தான் சொல்ல வேண்டும். வரிசை மட்டும் மாறட்டும். முதலில் அவர், அப்புறம் நாம். டாக்டரிடம், “அஞ்சு நிமிஷம் அவ தனியா பேசட்டும் டாக்டர், நான் வெளியில இருக்கேன்” என்று அம்மாவே சொன்னால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெம்பு வரும்! 2017 சட்டப்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. தனக்கு முடியாமல் போகும் காலத்தில் எந்த மாதிரி சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தன் சார்பில் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு.

நம் குழுக்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒரு உறுப்பினர் தன் நோயைப் பற்றி நம்பிச் சொன்னால் அது தீர்மான நோட்டில் ஏறக் கூடாது, தெருக்குழாய்க்கும் போகக் கூடாது. இரண்டு கூட்டம் வராவிட்டால் அபராதம் போடுவதற்கு முன்னால் ஊக்குநரோ பிரதிநிதியோ வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம். “பைத்தியம்”, “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்ற பேச்சு நம் கூட்டத்தில் வேண்டாம். சினிமாவில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. 1794-ல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்றும் எத்தனையோ பேர் சிகிச்சைக்குப் போய் வருகிறார்கள், அவர்கள் காதில் இது விழாமலா இருக்கும்?

இதில் பெண்களின் பாடு தனி. சென்னையில் இந்த நோயால் கணவரைப் பிரிந்த பெண்களைப் பற்றி ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். தாராவும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. நோய் என்ற அவமானத்தைவிட, வாழாவெட்டி என்ற அவமானம்தான் அந்தப் பெண்களையும் குடும்பத்தையும் அதிகமாக வாட்டியது என்று அதில் தெரிந்தது. மறைப்பதற்கு அதுவே காரணம். கல்யாணத்துக்கு முன் மறைத்து, மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து, ஒரு நாள் சாப்பிட முடியாமல் போய், நோய் திரும்பி, அப்புறம் எல்லாம் உடைந்து போகிறது. வாயைத் திறந்தால் வாழ்க்கை போய்விடும் என்று பயப்படுகிற பெண்ணிடம் “ஏன் சொல்லல?” என்று கேட்பது சுலபம்.

எங்கே போவது? அயனாவரத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் மனநல டாக்டர்கள் பார்க்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கத்தில் உங்களுக்கு எது கிட்டே, எந்தக் கிழமை என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு குழுவில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். 2022 முதல் இந்தச் சேவை நடக்கிறது. நோய் உள்ளவரே பேசலாம், வீட்டில் உள்ளவர்களும் பேசலாம். நீண்ட காலமாக நோய் இருந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று அரசு டாக்டர் சான்று கொடுத்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் உண்டு. அந்தச் சான்றுக்கும் டாக்டர் கேள்விகள் கேட்டுத்தான் மதிப்பெண் போடுவார். குளிப்பது, பேசிப் பழகுவது, வேலை செய்வது எல்லாம் கேட்பார். அங்கேயும் அவரே பதில் சொல்லப் பழகியிருக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை நடித்துப் பாருங்கள். ஒருவர் டாக்டர், ஒருவர் அம்மா, ஒருவர் மகள். முதல் தடவை அம்மா மட்டும் பேசட்டும். இரண்டாவது தடவை அம்மா வெளியே போகட்டும், மகள் காலண்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும். இரண்டு தடவையும் டாக்டராக நடித்தவருக்கு என்னென்ன தெரிந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பதினைந்து நிமிஷம் போதும். சேமிப்பு வசூல் முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.